வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்கவே கூடாது. என் அண்ணி ஒரு மருத்துவமனையில் தகவல் பாதுகாப்பு அலுவலர். நோயாளிகளின் விவரம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவரே ஒருநாள் மனம் தாங்காமல் என்னிடம் கொட்டிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதிவிட்டேன்.

2

முதல் வரிக்கு ஒரு முயற்சி: "அந்தப் பெண்மணிக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு இசை ஆசிரி—"

(வேண்டாம். ஊரில் இசை ஆசிரியைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? தையல்காரர் என்று வைத்துக்கொள்வோம்.*)

தன் சிகிச்சை கணவருக்குத் தெரியக் கூடாது என்று தையல்காரர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்: "வீட்டு முகவரிக்கு எந்தக் கடிதமும் அனுப்ப வேண்டாம்." சட்டப்படி அது அவர் உரிமை. கோரிக்கைக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதும் சட்டம். அண்ணியின் அலுவலகம் ஐந்தாம் நாளே பதில் அனுப்பியது. "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. காது சிகிச்சை தொடர்பான கடிதங்கள் இனி தங்கள் வீட்டுக்கு வராது."

வீட்டு முகவரிக்கு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காதீங்க தம்பி. தப்பு நடந்தா அவங்ககிட்ட நாங்களே சொல்லணும், சட்டம் அப்படி. நானே போன் பண்ணிச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'தபால் பதினோரு மணிக்கு வரும், அந்த நேரம் அவர் மட்டும்தான் வீட்ல இருப்பார்'னாங்க. வெச்சிட்டாங்க."

* காதும் காது அல்ல.

3

முடிவு அ: கணவர் உறையைக் கிழிக்கிறார். வீடே அதிரும்படி— (கணவர் என்றால் கத்தத்தான் வேண்டுமா? என் சோம்பேறித்தனம்.)

முடிவு ஆ: பிரிக்காமல் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போகிறார். (இவ்வளவு நல்லவரை நான் பார்த்ததில்லை.)

இந்த இடத்தில் அண்ணி படித்துவிட்டார்.

"அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி வெளிய போகக் கூடாது. உங்ககிட்ட சொன்னதே என் தப்பு."

மறுநாள் அந்தத் தப்பையும் தானே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்மதம் கேட்டு ஒரு கடிதம் எழுதி, இதுவரை எழுதியதையும் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணி அதைத் தையல்காரரின் கடைக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

4

பத்து நாள் கழித்துத் தையல்காரர் என்னை அழைத்தார்.

"முதல்ல, அவரைக் கத்த விடாதீங்க. நல்ல மனுஷன். விஷயம் தெரிஞ்சா 'கடையை மூடு, நான் பாத்துக்கறேன்'னு உக்காந்துடுவார். இருபது வருஷக் கடைங்க. அதுக்குத்தான் மறைச்சேன்."

"மன்னிச்சிருங்க. முடிவை மட்டும்..."

"ரெண்டும் தப்பு. நடந்ததைச் சொல்றேன். கேட்டுக்குங்க, எழுதக் கூடாது. மத்ததை எழுதிக்குங்க."

சொன்னார். நான் நினைத்த எதுவும் இல்லை. பேசி முடிக்கும்வரை பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. (தையல் மெஷின் அல்ல. ஆனால் ஏதோ ஒரு மெஷின் ஓடியது, அது சத்தியம்.)

5

ஆக, முடிவு எனக்குத் தெரியும். எழுத்தாளனாக வயிறு எரிகிறது. மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன். ஒருவர் என்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அது பத்திரமாக இருக்கிறது. இவ்வளவு நேரத்தில் உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அண்ணிதான் விடமாட்டேன் என்கிறார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க தம்பி. வெளிய போகாது."

"சம்மதக் கடிதம் இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

முறைத்தார். பிறகு, இந்தக் கதையில் முதல்முறையாக, சிரித்தார்.