செர்ரிக் கொத்து போட்ட சூப் பாத்திரம்

ஏணி மச்சானிடம் இருக்கிறது, மச்சான் மொண்டெநெக்ரோவில் இருக்கிறான், அவன் திரும்பியதும் பரணில் ஏறிப் பாத்திரத்தை இறக்கி அனுப்பிவிடுகிறேன் என்று அந்த ஆள் எழுதியிருந்ததைப் படித்தபோது, நான் பயிற்சி வண்டியில் உட்கார்ந்து ஒரு பல் வைத்தியரின் மனைவிக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் குப்பைத் தொட்டியை இடித்தார். நான் திட்டவில்லை. என் கோபம் முழுவதையும் வேறொருவருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வேறொருவரின் பெயர் ஒப்ராத். கிராலியெவோ என்ற ஊர்க்காரர். இணைய ஏலத்தில் ஒரு பீங்கான் சூப் பாத்திரத்தைப் போட்டிருந்தார். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, வயிற்றில் ஒரு செர்ரிக் கொத்து, இரண்டு பக்கமும் காது, மூடியின் மேல் பேரிக்காய் மாதிரி ஒரு குமிழ். ஏலம் என் பெயருக்கு முடிந்து, பணமும் கட்டியாகிவிட்டது. பாத்திரம் மட்டும் வரவில்லை. முதலில் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். பிறகு தகுந்த அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. இப்போது ஏணி. இவர் சொல்கிற சாக்குகளை ஏலத்தில் விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

எனக்கு அந்தப் பாத்திரம் ஏன் வேண்டும் என்றால், அதே மாதிரி ஒன்றை நான் உடைத்துவிட்டேன். என் மாமியாருடையது. அவர் போன பிறகு மூத்த மகள் ஸ்லாத்தியாவுக்கு வந்தது. அவள் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்குக் குடிபோனபோது, “குடும்பப் புனிதரோட நாள் தம்பி வீட்டுல நடக்குது, பாத்திரமும் அங்கயேதான் இருக்கணும்” என்று சொல்லி, தம்பி கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வருஷா வருஷம் டிசம்பரில் புனித நிக்கோலா நாளுக்கு வருவாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே மேஜைக்குப் போய் மூடியைத் திறந்து பார்ப்பாள். அதன் பிறகுதான் தம்பிக்கு முத்தம்.

ஈஸ்டர் அன்று கழுவும்போது கை நழுவியது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் கணவர் ராத்தோ கடைசியில் ஒரு யோசனை சொன்னார்.

“பூனை தட்டிவிட்டுடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?”

“வாங்கிக்கலாம்.”

உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன என்று கேட்பீர்கள். என் நாத்தனார் சண்டைக்காரியாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். சண்டை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் “பரவால்ல தேசா, பாத்திரம்தானே” என்பாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தன் தாயின் கடைசிப் பொருளை என்னை நம்பிக் கொடுத்தவளை அப்படி அழவைக்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

அதனால்தான் ஏலத்தில் அதைப் பார்த்ததும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். போட்டிக்கு ‘ஜன்னலோரம்’ என்ற பெயரில் ஒரு ஆள். நான் விலையை ஏற்றினால் ஜன்னலோரமும் ஏற்றும். ஓட்டுநர் பள்ளியில் சாலை விதிகள் வகுப்பு நடத்திக்கொண்டே மேஜைக்கடியில் ஏற்றினேன். “முந்திச் செல்லும்போது பொறுமை வேண்டும்” என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜன்னலோரம் அடங்கியது. அன்று நான் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன் என்று ராத்தோ இப்போதும் சொல்லிக்காட்டுகிறார்.

ஏணி விவகாரத்துக்குப் பிறகு, அந்தத் தளத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதினேன். இரு தரப்பும் மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு பதில் வந்தது. முன்பே எழுதி வைத்திருந்தது போல அவ்வளவு வேகமாக வந்தது. மோசமான விற்பனையாளர் என்று தளத்தில் ஒப்ராத்துக்குச் சிவப்புப் புள்ளி போடுவேன் என்று மிரட்டினேன். “தாராளமா போடுங்க மேடம், ஏற்கெனவே ரெண்டு இருக்கு, துணைக்கு ஆச்சு” என்று பதில் எழுதினார். அடுத்த நாள் காலையிலேயே பாத்திரத்தைச் சுற்றி எடுத்துவரப் பழைய கம்பளி ஒன்றைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவருடைய விலாசத்தை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

கோபத்தில் தேதியைப் பார்க்கவில்லை. கிராகுயெவாட்ஸ் ஊரைத் தாண்டியதிலிருந்தே வழியெங்கும் ஆட்கள் நல்ல உடுப்பில், கையில் பூவும் பாட்டிலுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன். ஒப்ராத் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நான் தொழில்காரி என்பதால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நுழைத்தேன். கதவைத் தட்டப் போனால் அது திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து வறுத்த இறைச்சியும் மெழுகும் கலந்த வாசனை. அப்போதுதான் உறைத்தது. இன்று மிக்கேல் அதிதூதர் நாள். ஊரில் பாதி வீடுகளில் ஸ்லாவா, குடும்பப் புனிதரின் விருந்து.

ஸ்லாவா நாளில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்களை யார் என்று கேட்பதுமில்லை. வந்தவர் சாப்பிட்டே ஆக வேண்டும். அந்த வீட்டுக்குள் நின்று சண்டை போடுகிறவளை ஏழு ஊருக்குப் பேசுவார்கள். நான் திரும்பி ஓடிவிடலாம் என்று நினைப்பதற்குள், மாவு படிந்த ஏப்ரனோடு ஓர் அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள்தான் ஒப்ராத்தின் மனைவி மிலேனியா.

“வாங்க வாங்க, வாசல்லயே நின்னா எப்படி? பைய இப்படிக் குடுங்க.”

“நான் வந்து...”

“எல்லாம் சாப்ட்டுட்டுப் பேசலாம்.”

பையைக் கையில் வாங்கியவள் அதற்குள் இருந்த கம்பளியை ஒரு பார்வை பார்த்தாள். என்னை மேஜையில் ஒரு பெரிய மீசைக்காரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மீசைக்காரர் உடனே எனக்கு ரக்கியாச் சாராயம் ஊற்றினார். வண்டி ஓட்டணும் என்றேன். “ஓட்டுங்க, யார் வேணாம்னா?” என்று சொல்லிவிட்டு நிறைய ஊற்றினார்.

பிறகு வீட்டுக்காரர் வந்தார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. நாள் முழுக்க நின்றுகொண்டே விருந்தாளிகளுக்குத் தன் கையால் பரிமாற வேண்டும். ஒல்லியான, வழுக்கையான, பார்த்தால் பாவம் போலிருக்கிற மனிதர். இரண்டு கையிலும் ஏந்தியபடி சமையலறையிலிருந்து சூப் கொண்டுவந்தார். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, செர்ரிக் கொத்து. என் பாத்திரம். அதிலிருந்து கோழிச் சூப்பை மொண்டு என் தட்டிலேயே ஊற்றினார்.

“நல்லா சாப்பிடுங்கம்மா,” என்றார்.

“ஸ்லாவா வாழ்த்துகள்ங்க,” என்றேன் நான். “முதுகு வலி எப்படி இருக்கு? நிமிர்ந்து நிக்கறீங்க. ஏணி வந்துடுச்சா?”

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு நூடுல்ஸ் இழை அதன் ஓரத்திலிருந்து தொங்கி, யோசித்து, மேஜைவிரிப்பில் விழுந்தது.

“என்ன ஏணி?” என்று மீசைக்காரர் கேட்டார்.

“மச்சான் மொண்டெநெக்ரோவுக்குக் கொண்டுபோயிட்டாராமே.”

“இவனுக்கு மச்சான் நான் ஒருத்தன்தான். நான் எங்க போனேன்?” மீசைக்காரர் ஒப்ராத்தைப் பார்த்தார். “டேய், என் பேர்ல என்னடா சொல்லி வச்சிருக்க?”

ஒப்ராத் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, ரொட்டி எடுத்து வருவதாக முணுமுணுத்துக்கொண்டு, ரொட்டி இல்லாத திசையில் போனார். நானும் கை கழுவுகிற சாக்கில் பின்னால் போனேன். கோட்டுகள் குவிந்து கிடந்த நடையில் மடக்கினேன்.

“மேடம், உங்க கால்ல விழறேன். இன்னிக்கு வேண்டாம். அது என் வீட்டுக்காரியோட அம்மா குடுத்தது. நான் ஏலத்துல விட்டது அவளுக்குத் தெரியாது.”

“அப்புறம் எதுக்கய்யா விட்டீங்க?”

“என் மீன்பிடி பூட்ஸ தூக்கி வெள்ள நிவாரணத்துக்குக் குடுத்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இடுப்பு வரைக்கும் வர்ற பூட்ஸ். அந்த ஆத்திரம். சும்மா படத்தப் போட்டுப் பாத்துட்டு எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். பழைய பாத்திரம், யார் கேக்கப் போறான்னு. நீங்களும் இன்னொருத்தரும் ஏதோ தங்கம் மாதிரி அடிச்சுக்கிட்டீங்க. ஏலம் ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

பணத்தை அப்போதே எண்ணிக் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு வேண்டியது பணமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாத்திரம் என் பைக்குள் வந்துவிடும் என்று தெரிந்தது. பண்டிகை நாளில், அத்தனை உறவுக்கும் நடுவில், அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்து சூப்பைக் குடித்தேன். சூப் அருமையாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது மிலேனியா பையோடு வாசல் கேட் வரை வந்தாள். பைக்குள் கம்பளியின் மேல் ஒரு தட்டு நிறைய கேக்கை வைத்து மூடியிருந்தாள்.

“நல்லா ஏத்தினீங்க விலைய,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நான்தான் ஜன்னலோரம். எங்கம்மா பாத்திரம் திடீர்னு செல்போன்ல வந்து நிக்குது. என் வீட்டுக்காரர் போட்ட ஏலத்துல நானே ஒளிஞ்சு நின்னு கேட்டேன். வீட்டுச் செலவுக் காசு தீர்ந்துபோச்சு, விட்டுட்டேன். அப்புறம் இவரு ஒரு மாசமா முதுகு, ஏணின்னு உங்களுக்கு எழுதறதப் பாக்கறதுல எனக்கு ஒரு சந்தோஷம். கம்பளியப் பாத்ததுமே தெரிஞ்சுது, நீங்கதான்னு.”

“அப்போ மேஜைல ஏன் வச்சீங்க?”

“அவர்தானே பரிமாறணும்? ஒவ்வொரு தட்டுக்கும் அத அவர் கையாலயே தூக்கட்டும்னுதான்.”

இப்படிப்பட்ட பெண்ணிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. கேட்டில் நின்றபடியே ஈஸ்டர், சில்லு, நாத்தனார், குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் கொட்டினேன். பூனையைச் சொன்னபோது சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“உங்களுக்கு எப்போ ஸ்லாவா?”

“நிக்கோலா.”

“எங்க வீட்டுக்கு வந்தவங்க வீட்டுக்கு நாங்க வராம இருந்தா மரியாதையில்ல. வர்றோம். பாத்திரத்தோட வர்றோம். ஒரு நாள் உங்க நாத்தனார் பாக்கட்டும். சாயங்காலம் நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

டிசம்பரில் சொன்னபடி வந்தார்கள். பின்வாசல் வழியாக, அதே கம்பளியில் சுற்றி, ஒப்ராத் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். இறைச்சி கூடாத நோன்புக் காலம் என்பதால் எங்கள் வீட்டில் மீன் சூப். அதை நிரப்பி மேஜையின் நடுவில் வைத்தோம். ஸ்லாத்தியா வந்தாள். கோட்டோடு நேராக மேஜைக்குப் போனாள். மூடியைத் திறந்தாள். செர்ரிக் கொத்தை விரலால் ஒரு முறை தடவினாள். அவள் தம்பிக்கு முத்தம் கொடுத்தாள். நான் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

மிலேனியாவை என் சிநேகிதி என்று அறிமுகப்படுத்தினேன். அன்றைக்கு அது பொய்யில்லை. விருந்தாளியாக வந்ததால் உட்காரும் பாக்கியம் கிடைத்த ஒப்ராத் மூன்றாவது தட்டுச் சூப்பில் இருந்தார். நின்றபடி பரிமாறிக்கொண்டிருந்த ராத்தோவைப் பார்த்து, “முதுக நேரா வச்சுக்கோங்க” என்று புத்திமதி வேறு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்லாத்தியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தேசா, நீ மட்டும் இல்லன்னா இது இவ்வளவு நாள் முழுசா இருந்திருக்காது. ஒரு கீறல் இல்ல பாரு.” அவள் கண் கலங்கியிருந்தது. “வசந்தத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். நாளைக்குப் போகும்போது நான் இத எடுத்துட்டுப் போறேன். அவளோட பாட்டி பாத்திரம், அவகிட்ட இருக்கட்டும்.”

ராத்தோ என்னைப் பார்த்தார். பூனையை இப்போதாவது வாங்கியிருக்கலாமே என்கிற பார்வை. ஒப்ராத் வாயில் இருந்த மீனை விழுங்காமல் நிறுத்தினார். மிலேனியா எழுந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கை மட்டும் பாத்திரத்தின் ஒரு காதை இறுகப் பிடித்திருந்தது.

“சூடு பண்ணி எடுத்துட்டு வர்றேன்,” என்றாள்.

“ஐயோ, நீங்க விருந்தாளி, உக்காருங்க.” ஸ்லாத்தியா இன்னொரு காதைப் பிடித்தாள். “நான் எடுக்கறேன்.”

“இருக்கட்டும்ங்க.”

“இல்ல, விடுங்க.”

பாத்திரம் மேஜையிலிருந்து எழும்பியது. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் இழுத்தார்கள். உள்ளே சூப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. ஒரு கெண்டைத் துண்டு விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மூடியின் பேரிக்காய்க் குமிழ் கடகடவென்று ஆடியது. இரண்டு அம்மாக்களின் பெயரால் இரண்டு பெண்கள், நடுவில் பொய் சொன்ன நான். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, பாத்திரத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கொடுத்தேன். பீங்கான் இன்னும் சுட்டது. நான் கையை எடுக்கவில்லை.

“அண்ணி,” என்று ஸ்லாத்தியாவிடம் சொன்னேன், “இத முதல்ல கீழ வைப்போம். அப்புறம் ஈஸ்டர்ல என்ன ஆச்சுன்னு சொல்றேன்.”