இரண்டாவது கீபோர்டு

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். மேசையின் தலைமாட்டில் மேனேஜர். கதவோரம், புரோகிராம்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற அக்கா. ஜன்னல் பக்கம் அவள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. பழக்கதோஷத்தில் அவளேதான் இழுத்துப் போட்டிருந்தாள்.

அந்த நாற்காலிக்காரனுக்கு ஆபீஸில் 'பொறுபொறு' என்றே பேர். இரண்டு வருஷம் ஒரே திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார்கள். ஒருவர் தட்ட, மற்றவர் பார்க்க. அவள் விரல் தப்பாகப் போகுமுன்பே "பொறு பொறு" என்பான். மூன்று வாரத்துக்கு முன் அவனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு எதுக்குன்னு தலைமை ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவங்க மனசு வெச்சா ஒண்ணாந்தேதி ஆளு இங்க இருப்பான்" என்றார் மேனேஜர்.

"என் பேரையும் சேத்துக்கோடி. அவன் இருந்தவரைக்கும் பிழையே கெடைக்காம ஈ ஓட்டிட்டு இருந்தேன். இப்போ தலைக்கு மேல வேலை" என்றாள் அக்கா.

"அப்போ நீங்க ஈ ஓட்டறதுக்குத்தான் அவன் வரணுமா?" என்று மேனேஜர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தன் இடத்துக்கு வந்து எழுத உட்கார்ந்தாள்.

நல்லவை மளமளவென்று வந்தன. பிழை அங்கேயே பிடிபடும். ஒருவர் லீவு போட்டாலும் வேலை நிற்காது. இப்படி ஆறு. கெட்டவை என்று தலைப்பிட்டு, சதா காலாட்டுவான், புரோகிராமில் ஒரு பெயர் வைக்க அரைநாள் சண்டை பிடிப்பான் என்று இரண்டு எழுதினாள். அந்தக் காலாட்டலில் மேசை நடுங்காததால்தான் மூன்று வாரமாக வேலையே ஓடவில்லை.

எழுதியதை, இருவரும் செய்கிற வழக்கப்படி, வாய்விட்டுப் படித்தாள். முடித்த இடத்தில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும். அவனுடைய கீபோர்டு தூசி படிந்து மேசையில் அவன் உட்காரும் பக்கத்திலேயே கிடந்தது.

மூன்றாவதாகச் சேர்த்தாள்: 'பழகிவிட்டால் தனியாக எழுத வருவதில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் கை நின்று, பக்கத்திலிருந்து குரல் வருமா என்று காத்திருக்கிறது.'

முடியாது என்று சொல்ல தலைமை ஆபீஸுக்கு இந்த ஒன்றே போதும். பேனா முனை அதன்மேல் நின்றது. அந்த வரியை அடித்துவிட்டால் ஒருவேளை வருவான். வந்ததும் நகலைக் கேட்பான்; விட்டுப்போனதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தும்விடுவான்.

அடிக்கவில்லை. கையெழுத்திட்டு, மடித்து, உறையின் விளிம்பை அழுத்தி ஒட்டினாள். கீழ்த்தளத்தில் புறப்பட நின்ற தபால் பைக்குள், தானே இறங்கிப் போய்ப் போட்டாள்.