விரல் பார்க்க வந்தவர்

பால்வாடி டீச்சர் முழங்கையை நீட்டிக் காட்டினார். நாலு பல் பதிந்திருந்தது. கடித்தது செல்வக்குமாரின் நாலு வயது மகள் உமா. மருந்து போட்டீர்களா என்று கேட்டான். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. மனைவி காளீஸ்வரி மஞ்சள்காமாலையில் போய் ஏழு மாதம். அதிலிருந்தே அவனுக்கு எதுவும் தோன்றுவது குறைந்துவிட்டது.

"சிலேட்டுக் குச்சியக் குடுத்தா ரெண்டு கையையும் கக்கத்துல வச்சிக்கிடுதா சார். இழுத்தேன், கடிச்சிட்டா. சோத்தக்கூட குனிஞ்சு வாயாலதான் திங்கா."

"மகாராணிக்கு ஊட்டி விடணுமாம்," என்றாள் ஆயா வெள்ளைத்தாய். "பிள்ளையெல்லாம் கன்னுக்குட்டின்னு கூப்புடுதுவ."

"இந்த வாரம் பாப்போம். இல்லன்னா கூட்டிட்டுப் போயிருங்க," என்றார் டீச்சர்.

வீட்டில் அவன்தான் ஊட்டிவிடுகிறான். அதனால் கவனிக்கவில்லை. பால்வாடியும் இல்லையென்றால், அவன் மில்லுக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. விளாத்திகுளத்தில் காளீஸ்வரியின் அக்கா கிருஷ்ணவேணி இருக்கிறாள். அங்கே விட்டால் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான்.

கிருஷ்ணவேணி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உமாவைப் பார்த்தாள். கக்கத்துக்குள் போயிருந்த கைகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதக் காளீஸ்வரியா சொல்லிக் குடுத்தா?"

"எத மதினி?"

"ஒங்ககிட்ட சொல்லலையாக்கும். அவளுக்கு அப்ப ஏழு வயசு. தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் பிடிக்க ஏஜெண்டு வருவாரு. வந்தா பிள்ளைய விரலத்தான் பாப்பாரு. குச்சி அடுக்க சின்ன விரலு வேணும்லா. இவ கக்கத்துல ஒளிச்சுக்கிடுவா. ஒருநா அடுப்புக்குள்ளயே வச்சிட்டா. புண்ணு ஆறுன மறுநாளே எங்க அய்யா வண்டியில ஏத்திவிட்டுட்டாவ." ஒட்டிய பெட்டியை மடியில் போட்டாள். "கைய நீட்டுடின்னு நானும் அடிச்சிருக்கேன்."

கஞ்சி கொட்டிவிட்டது என்றுதான் காளீஸ்வரி தன் கைத் தழும்புக்குச் சொல்லியிருந்தாள். வாசலில் அந்நிய ஆள் யார் வந்து நின்றாலும் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் மடக்கி உள்ளே செருகுவாள். அடைக்கோழி மாதிரி இருக்கிறாய் என்று அவன் கேலி செய்தான். அவளும் சிரித்தாள். அவன் பி.காம். படித்தவன். ஐந்து வருஷத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"இங்கன விட்டுட்டுப் போங்க தம்பி. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லும்போதும் அவள் விரல்கள் நிற்கவில்லை. மடி நிறையப் பெட்டிகள்.

"நாளைக்குப் பால்வாடி இருக்கு மதினி," என்றான்.

மறுநாள் காலை இருவரும் பால்வாடிக்கு நடந்தார்கள். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. "ஒன் விரலப் பாக்க யாரும் வரமாட்டாவ உமா," என்றான். மில்லில் ஒட்டிய நோட்டீசை வாசிப்பதுபோல் இருந்தது அவனுக்கே. அவள் தரையைப் பார்த்து நடந்தாள்.

பின்னால் ஹாரன் கேட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. உள்ளே வளர்ந்த பெண்கள். டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏறிக்கிடுதியளா அண்ணாச்சி? பால்வாடி வழியாத்தான் போறேன்."

"கக்கத்துல பைதான் இல்ல, கண்டக்டர் வேலைக்கு ஆள் கெடைச்சாச்சுட்டி!" என்று உள்ளிருந்து ஒருத்தி சொல்ல, வண்டியே சிரித்தது.

உமா வலது கையை வெளியே எடுத்தாள். நகம் வளர்ந்து அழுக்கேறியிருந்தது. வெட்டிவிட அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்தக் கையால் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்து இறுக்கினாள். அவள் விலாவுக்குள் நெஞ்சு அவன் விரல்களுக்குக் கீழே அடித்துக்கொண்டது.

"அப்பா, ஒங்க கையப் பாத்துட்டாவளா?"

வண்டி போய்விட்டது. பால்வாடி வாசலில் டீச்சர் சிலேட்டோடு நின்று கூப்பிட்டார். உமாவின் உயரத்துக்கு அவன் குனிய வேண்டியிருந்தது. புழுதி அடங்குகிற வரை, கையை இழுக்காமல், குனிந்தபடியே நின்றான்.