ஆறு பேருக்கான தொட்டி

எங்கள் வீட்டுப் பழைய செப்டிக் டேங்க் சொல்லாமல் கொள்ளாமல் பொங்கியதில்லை. முதலில் குளியலறையில் தண்ணீர் இறங்க மறுக்கும். பிறகு கழிப்பறைக்குள் குளுகுளுவென்று ஒரு சத்தம் வரும். மறுநாள் பின்பக்கம் முழுக்க நாற்றம். என் அறை பின்பக்கம்தான் என்பதால் முதல் தகவல் எனக்கு. போய்ச் சொன்னால் அண்ணன், "உனக்கு மட்டும் எப்படி மொதல்ல தெரியுது?" என்று கேட்பான். மூக்கு இருக்கிறதே, அதனால்தான்.

அறை என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறேன். உடைந்த சாமான்கள் போட்டுவைத்த இடம். கணவனை விட்டுவிட்டு நான் வந்தபோது அம்மா அதைக் கூட்டிப் பெருக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். ஆயிற்று, மூன்று வருடம். ஜன்னல் சின்னது, ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. தாழ்ப்பாளின் அருமை என்னைப் போல ஒரு வீட்டிலிருந்து தப்பி வந்தவளுக்குத்தான் தெரியும்.

டேங்க் ஒரேயடியாகக் கைவிட்ட பிறகு, புதிதாகச் சுத்திகரிப்புத் தொட்டி வைக்கலாம் என்று அப்பா முடிவெடுத்தார். மோட்டார் காற்றை ஊதும், உள்ளே கிருமிகள் அழுக்கைத் தின்னும், வெளியே தெளிந்த தண்ணீர் வரும். அதற்கு அளவெடுக்க ஒருவர் வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டார். வழக்கம்போல நான்தான் போனேன்.

அளந்து முடித்ததும் அவர் அப்பாவிடமும் அண்ணனிடமும் விளக்கமாகச் சொன்னார். "இதுல ஆறு பேருக்குன்னு ஒரு சைஸ் இருக்கு. அடுத்தது பத்து பேருக்கு. சின்னதா வெச்சா தாங்காது. அதுக்குன்னு ரொம்பப் பெரிசா வெக்கறதும் தப்பு சார். உள்ள இருக்கற கிருமிக்குத் தீனி பத்தாம செத்துப் போயிடும்."

கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்கள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று மனுஷர் அவ்வளவு கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பாக வந்தது.

"ஆறு பேரு சைஸ் இங்க அப்படியே உக்காந்துடும். பத்துன்னா இந்த ரூம இடிக்கணும்." அவர் காட்டியது என் அறையை. "இல்லன்னா முன்னாடி கார் நிக்கற இடத்துல வெக்கலாம். தாராளமா போகும்."

"அது சரிப்படாதுங்க," என்றான் அண்ணன். "அப்புறம் கார எங்க விடுறது?"

"சரி, வீட்ல நிரந்தரமா எத்தனை பேரு? விருந்தாளிங்க வேணாம். தினமும் குளிச்சு, துவைச்சுப் பொழங்கறவங்க மட்டும்."

அப்பா விரல் விட்டு எண்ணவில்லை. யோசிக்கக்கூட இல்லை. "ஆறு," என்றார்.

அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, குழந்தைகள் இரண்டு. கணக்கு சரிதான். டேப்பின் நுனி இன்னும் என் விரலில் இருந்தது. அளவெடுக்க வந்தவர் என் பக்கம் திரும்பி, "இவங்க?" என்றார்.

"என் பொண்ணு. வந்திருக்கா."

வந்திருக்கிறேனாம். மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. நான் டேப்பை விட்டேன். அது சரக்கென்று சுருண்டுபோய் அவர் கையில் அடங்கியது.

அவர் போனதும் அண்ணன் என்னிடம் வந்தான். கெட்டவன் இல்லை அவன். சங்கடம் வந்தால் கழுத்தைச் சொறிவான். "உனக்காகத்தான் அப்பா அப்படிச் சொன்னாரு. ஏழுன்னு சொல்லிருந்தா உன் ரூம் போயிருக்கும்."

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கணக்கில் சேர்ந்தால் அறை போய்விடும். அறை வேண்டுமென்றால் கணக்கில் இருக்கக் கூடாது. காரை எடுத்துத் தெருவில் நிறுத்தலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

தொட்டியைப் புதைத்தார்கள். என் அறைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். அதில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சுகம். உள்ளே அளவுக்கு மீறித் தண்ணீர் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும், கூடவே ஒரு கத்தலும் வரும். முதல் மாதத்திலேயே அது பலமுறை கத்தியது. காலை வேளையில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்தால் போதும், ஆரம்பித்துவிடும். அண்ணி குளிக்க முறை வைத்தாள். குழந்தைகள் சாயங்காலம், துணி துவைப்பது மத்தியானம் என்று ஒவ்வொன்றையும் பிரித்தாள். என் முறை எப்போது என்று கேட்டேன்.

"நீதான் விடியக் காலையில கிளம்பிடுறியே," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே நான் நினைவில் இல்லை.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கத்தல் கேட்டது. தலையில் சோப்பு நுரையோடு குழாயை மூடிவிட்டு நின்றேன். வெளியே அண்ணன் மகளின் குரல். "அத்தை குளிச்சாத்தான் செவப்பு லைட்டு எரியுது."

குழந்தை அது. பார்த்ததைச் சொன்னது. "சும்மா இரு," என்று அவளை அதட்டினார்கள். அப்படி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். பிடிவாதம் பிடிப்பேன். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, மடித்து அனுப்புவோம். பணியாளர்களுக்கு அங்கே குளியலறை உண்டு. மறுநாளிலிருந்து துண்டையும் சோப்பையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். குளியல் அங்கே. என் துணிகளையும் அங்கேயே துவைத்துக்கொண்டேன். கழிப்பறைக்கும் அங்கே போகும்வரை அடக்கிக்கொள்ளப் பழகினேன். இருட்டினால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். விடுமுறை நாளில்கூட, "கூடுதல் வேலை இருக்கு," என்று கிளம்பிவிடுவேன். அம்மா பார்த்தாள். பார்த்தும் பாராததுபோல் இருக்க அம்மாவுக்கு நன்றாக வரும்.

சிவப்பு விளக்கு நின்றுபோனது. "முறை வெச்சதும் எல்லாம் சரியாயிடுச்சு பாருங்க," என்று அண்ணி சந்தோஷப்பட்டாள்.

எனக்குச் சிறுநீர் எரியத் தொடங்கியது. பிறகு குளிர் ஜுரம். வேலை செய்யும் இடத்திலேயே டாக்டரைப் பார்த்தேன். "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லையா? அடக்கி வெப்பியா?" என்று திட்டிவிட்டு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை அட்டை மேஜையில் கிடந்ததை ஒருநாள் அப்பா எடுத்துப் பார்த்தார். "எதுக்கு இது?" என்றார். காய்ச்சலுக்கு என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தை நெடுநேரம் படித்தார். அப்புறம் அதை வைத்துவிட்டுப் போனார்.

வருடம் முடிந்து அதே ஆள் தொட்டியைச் சோதிக்க வந்தார். எனக்கு விடுமுறை. பையோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து, நீளக் குழாயை விட்டு ஆழம் பார்த்தார். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். அதில் பழுப்பின் சாயல்கூட இல்லை.

"அருமையா ஓடுது சார். அளவுன்னா இப்படித்தான் இருக்கணும். அன்னிக்கு எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்தது."

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றான் அண்ணன்.

"ஆளுங்க அதேதானே? ஆறு பேருதானே?"

அண்ணன் தலையாட்டப் போனான். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏழு பேரு," என்றார்.

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் காய்ந்து கிடந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வந்தவர் சிரித்தார். "இருக்காது சார். எத்தனையோ வீடு பாத்துட்டேன். ஏழு பேரு பொழங்கினா தண்ணி இப்படி இருக்காது. மனுஷங்க மாத்திச் சொல்லுவாங்க, இது சொல்லாது. இந்த வீட்ல ஆறு பேருதான் இருக்கீங்க."

"இல்ல தம்பி. என் பொண்ணும் இங்கதான்..."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். துண்டின் ஓரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போனது.

"ஆறுதாங்க," என்றேன் நான். "நான் வந்திருக்கேன், அவ்வளவுதான்."

அப்பாவைக் குத்தத்தான் சொன்னேன். குத்தியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்பா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "இன்னிக்கு வீட்லயே குளிச்சிட்டுப் போம்மா," என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். குழாயைத் திருகினேன். நூலாகத்தான் தண்ணீர் வந்தது. அதற்குமேல் திருகக் கை மறுத்தது. காது முழுக்கச் சுவருக்கு அப்பால் இருந்தது, இப்போது கத்துமா, இப்போது கத்துமா என்று. கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத் திறந்து விடும்மா," என்றார்.

"சரிப்பா," என்றேன்.

கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு குழாயை மூடினேன். துண்டு காய்ந்தபடியே இருந்தது. கதவைத் திறந்து, அவர் கையிலிருந்த பையை வாங்கி அதற்குள் துண்டை வைத்தேன். பிறகு சலவைக்கூடத்துக்குக் கிளம்பினேன்.