பார்த்துச் சொல்லச் சொன்ன சாமான்கள்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு அலுவலகத்தில் இருந்த பட்டப்பெயர் முனகல். சும்மா வைத்த பெயர் இல்லை. காகித ரசீதை எடுத்துவிட்டு ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அவர் ஓயவே இல்லை. ஈரக்கையால் தொட்டால் அது கேட்காது. காய்ப்பு ஏறிய விரலால் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினோம் என்று தட்டி, படம் எடுத்து, வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கினால்தான் அடுத்த வீட்டு முகவரியே திறக்கும். "மெஷினைச் சரிபண்ண அரை மணி, இதைச் சமாதானப்படுத்த ஒரு மணி" என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பலனும் கிடைத்தது. ஒரு காலையில் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு மேசை மேல் ஒரு துணிப்பையை வைத்தார்.

"அண்ணே, டேப்லெட்டுக்கு மாட்டுற சாமான் கொஞ்சம் வந்திருக்கு. எல்லாருக்கும் வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் உபயோகிச்சுப் பார்த்துச் சொல்லணும். உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"ஏன், வேற ஆளே கிடைக்கலையா?"

"நீங்கதானே அதிகமாப் பேசினீங்க." மேற்பார்வையாளருக்கு மெக்கானிக்கின் பாதி வயதுதான் இருக்கும். ஆனால் சிரிக்காமல் காலை வாரத் தெரியும். "வீட்டுக்கும் கொண்டு போங்க. சாதாரணமாப் புழங்கறதுக்கு எப்படி இருக்குன்னும் கேட்டிருக்காங்க. மாசக் கடைசில சொன்னாப் போதும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடி மெக்கானிக் அந்தப் பையையும் தோளில் போட்டுக்கொண்டார். கருவிப்பை ஏற்கெனவே அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கழுத்தில் மாட்டும் வார். மெஷினின் அடியிலிருக்கும் வடிகட்டியைத் திறக்க அவர் குனிந்தபோது, டேப்லெட் அவருக்கு முன்னாலேயே குனிந்து அழுக்குத் தண்ணீரில் மூக்கை நனைத்துக்கொண்டது. அடுத்த நாள் கீபோர்டு. குளியலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, அதை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கதை எழுதறீங்களா?" என்று கேட்டார். அதோடு கீபோர்டு பைக்குள் போனது.

பேனா நன்றாகத்தான் இருந்தது. ஈரக்கைக்கும் வளைந்துகொடுத்தது. ஆனால் எங்கே வைத்தாலும் உருண்டது. ஒரு வீட்டில் வேலையெல்லாம் முடித்து, மெஷினைச் சுவரோரம் தள்ளி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பேனா அதன் பின்னால் கிடப்பது தெரிந்தது. இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவ்வளவு கனத்தையும் மறுபடி வெளியே இழுத்தார்.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, காந்தம் வைத்த ஸ்டாண்டு. மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். தரையில் உட்கார்ந்தபடியே கண்ணுக்கு நேராகப் படிக்கலாம். அதன் காலை விரித்து வைத்தால் மேசை மீதும் நிற்கும். அதுவும் ஒரு நாள் சோதித்துவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடம், மேல்மாடி. பழுது பார்த்து முடித்து, துணி பிழியும் ஓட்டத்தில் மெஷினை விட்டிருந்தார். அதன் அதிர்வில் ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

"அண்ணா, உங்க டேப்லெட் கிளம்பிடுச்சு" என்றாள் அந்த வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தை. இன்னொரு கையால் டேப்லெட்டைப் பிடித்துவிட்டிருந்தாள்.

"நல்ல வேளை, பிடிச்சியேம்மா."

"இவன் விழாம பிடிச்சுப் பிடிச்சுக் கை பழகிடுச்சு" என்று குழந்தையைக் காட்டினாள்.

சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார். பாதி வழியில் முழங்கால் முரண்டு பிடித்தது. கொஞ்சம் உட்கார்ந்து போகலாம் என்று படியில் உட்கார்ந்தவர், அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர் போனில் கூப்பிட்ட பிறகுதான் தாம் தூங்கிவிட்டது தெரிந்து எழுந்தார்.

வீட்டில் அந்தப் பை வேறு விதமாகப் புழங்கியது. அவருடைய மனைவிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவரைவிட முன்னதாக வீடு திரும்பிவிடுவாள். பையைக் கொட்டிப் பார்த்து, "என்னங்க இது, கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டவள், ஸ்டாண்டை மட்டும் எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துக்கொண்டாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் தினமும் சாயங்காலம் அழைப்பாள். அதுவரை போனைக் கையில் பிடித்துப் பேசியதில் மகள் பார்த்ததெல்லாம் அம்மாவின் மோவாயும் மின்விசிறியும்தான். இப்போது டேப்லெட் நேராக நின்றது. அம்மா காய் நறுக்கிக்கொண்டே பேசினாள். அவளுக்குப் பின்னால் இருந்த அறையும் முழுதாகத் தெரிந்தது. நாற்காலியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாயைத் திறந்து தூங்கும் அப்பாவும் தெரிந்தார்.

ஒரு சாயங்காலம் மெக்கானிக்குக்குப் பாதித் தூக்கத்தில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்கு வேலை ஜாஸ்திடி."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தாமல் குளித்துக்கொண்டிருந்தவனை யாரோ பார்த்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. விடுமுறை நாளில் இரண்டு நிமிடம் போனை வாங்கி, "நல்லா இருக்கேம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு இத்தனை காலம் ஓட்டிவிட்டிருந்தார்.

மறுநாள் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். அங்கே மழையா, குளிரா என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி கேட்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"போட்டோ எடுக்கப் போற மாதிரி உக்காந்திருக்கீங்களே, சாய்ஞ்சு உக்காருங்க."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, மறைக்காம சொல்லுங்க. முட்டி வலிக்குதா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"அம்மாவைப் பார்க்காதீங்க. இப்ப எனக்கு எல்லாம் தெரியுது."

"படி ஏறும்போது வலிக்கும். இறங்கும்போது அதைவிட. மத்தபடி ஒண்ணுமில்ல."

"உங்க வேலைல படி ஏறாம இறங்காம இருக்கறது எப்போப்பா?"

"தூங்கும்போது" என்றார். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினால் மட்டுமில்லை.

"அப்போ தூங்குங்க" என்றாள் மகள். "எனக்காக முழிச்சிருக்க வேண்டாம். நீங்க பின்னாடி தூங்கிட்டு இருந்தா எனக்கு வீட்ல இருக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா ஆபீஸ்ல கேளுங்கப்பா, உக்காந்து செய்யற வேலை ஏதாவது இருக்கான்னு. நீங்க கேக்கலேன்னா நான் போன் பண்ணிக் கேப்பேன்."

மாதக் கடைசியில் பையை மேசை மேல் வைத்து, மெக்கானிக் தம் கருத்தைச் சொன்னார். காந்தத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும், மற்றபடி ஸ்டாண்டு நல்லது. பேனாவைக் கயிற்றில் கட்டினால் உருப்படும். கழுத்து வார் ஆகவே ஆகாது.

மேற்பார்வையாளர் காதைச் சொறிந்தார். "மேலிடத்துல போன வாரமே வாங்கிட்டாங்க அண்ணே. கழுத்து வார்தான். எல்லாருக்கும்."

அறையில் இருந்த மற்ற மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இனி முனகல் விடிய விடியப் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் வாயைத் திறந்தார். ஆனால் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு முந்திக்கொண்டது. அந்த அலுப்பில் வேறு ஒன்று வெளியே வந்தது.

"எனக்கு முட்டி முடியல தம்பி. மாடி ஏற முடியல."

மேற்பார்வையாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை கிண்டல் இல்லை. "இத்தனை நாள் இதை நீங்க சொல்லவே இல்லையே அண்ணே."

"மத்ததெல்லாம் சொல்லிட்டிருந்தேன்ல. இது விட்டுப்போச்சு."

உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மேற்பார்வையாளர். அது வழக்கமாகச் சொல்லும் பதில் என்றுதான் மெக்கானிக் நினைத்தார். ஆனால் பின்கட்டில் இருக்கும் பட்டறையில், கழற்றி வந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் குறைவாகத்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள்களில் வழக்கம் போல வீடு வீடாக என்று முடிவாயிற்று. பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று மனைவியிடம் சொன்னார். "அந்தப் பாதியாவது ஆச்சே" என்றாள் அவள்.

பட்டறையில் முதல் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் முனகாமல் இருந்ததில் முதுகு வலி ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து, ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றினார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

கடைக்குப் போயிருந்த மனைவி வந்து பார்த்தாள். போர்வையை எடுத்துக் காலில் போட்டுவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சற்று நேரத்தில் மகளின் அழைப்பு வந்தது. இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாசலுக்குப் போய் நின்று பேசத் தொடங்கினாள்.