மாமா கணக்கில் வராது

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. கடலூர் முதுநகர். பத்தாம் வகுப்பு அல்மாஸ் செய்த முப்பது மணி நேரச் சமூகப் பணியில் பன்னிரண்டு மணி நேரம் செல்லாது என்று வெளிநாட்டுப் பாட வாரியத்திலிருந்து பள்ளிக்கு மின்னஞ்சல் வந்தது.

காலையில் வெளிநாட்டுப் பாடமும் மதியத்துக்கு மேல் நம்மூர்ப் பாடமும் நடக்கும் பள்ளி அது. முப்பது மணி நேரம் ஊருக்கு உழைத்த சான்றிதழ் இருந்தால்தான் ஜூனில் பதினொன்றாம் வகுப்பு. பதினெட்டு மணி நேரத்தை அல்மாஸ் நூலகத்தில் முடித்திருந்தாள். மீதிக்குச் சனிக்கிழமைதோறும் துறைமுகத்துக்குப் போய், படகு மெக்கானிக் அந்தோணிசாமிக்கு டீசல் எஞ்சினின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பயன்பெற்றவர் பெயர் என்ற இடத்தில் 'அந்தோணிசாமி மாமா' என்று எழுதினாள். ஆங்கிலத்திலும் அது 'அங்கிள்' என்றே போனது. சொந்தக்காரருக்குச் செய்தது சேவை ஆகாது என்று வாரியத்தில் அடித்துவிட்டார்கள்.

ஊரில் எல்லோரையும் இப்படித்தான் கூப்பிடுவோம் என்று வகுப்பாசிரியை பிரிசில்லா மிஸ் பதில் எழுதிப் பார்த்தார். உறவில்லை என்று அந்த மெக்கானிக்கிடமே எழுதி வாங்கி அனுப்புங்கள், திங்கட்கிழமைக்குள், என்றார்கள்.

மறுநாள் அல்மாஸ் அப்படி எழுதிய தாளோடு துறைமுகத்துக்குப் போனாள். அவளுடைய அத்தா சிங்கப்பூர் போன நாளிலிருந்து வீட்டு மோட்டார் மக்கர் செய்தால் வந்து நிற்கிறவர் அந்தோணிசாமிதான். கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாம்மா இது? எனக்கும் உனக்கும் எவ்வித உறவும் இல்லைன்னு போட்டிருக்கு?"

"பேப்பருக்குத்தான் மாமா."

"பாரு, கூப்புடறது மாமான்னு. கையெழுத்து மட்டும் இல்லைன்னு போடணுமா?"

அவர் மனைவி ராசம்மாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள்: "போட்டுக் குடுத்துருங்க, புள்ள படிப்பு. ஆனா அடுத்த மாசம் நோம்புக் கஞ்சி அவுங்க வூட்லேர்ந்து வரலைன்னு என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினார். படகு விளிம்பில் தாளை வைத்து, பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அடுத்த எழுத்துக்குக் கை நகரவில்லை.

"உனக்கோசரம் போடறேன். ஆனா இது பொய்."

அல்மாஸ் தாளை மெல்ல இழுத்துக்கொண்டாள். "வேணாம் மாமா. விடுங்க."

அன்று தண்ணீர்ப் பம்பு பற்றிய பக்கங்களை எழுதி முடித்தார்கள். அந்த நேரத்தை அவள் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றவில்லை. திங்களன்று நடந்ததைக் கேட்ட பிரிசில்லா மிஸ், பிழைக்கத் தெரியாத பெண் என்றார். அப்புறம் அவரே சிதம்பரத்தில் வேறு வேலை தேடிக் கொடுத்தார்.

மே மாதம் அண்ணாமலை நகரில் தங்கிப் படிக்கும் வடநாட்டு மாணவர்களுக்கு அல்மாஸ் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பன்னிரண்டு மணி நேரமும் ஏற்கப்பட்டது. சான்றிதழ் ஆகஸ்டில் வந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மாதம் பின்னால் அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.