ஞானத்தாயின் முக்காடு

ஃபாபியானா மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பையை எர்மெலிந்தா தொடவில்லை. பைக்குள் வெள்ளை முக்காடு ஒன்று மடித்துக் கிடந்தது. மெஷினில் ஓட்டிய லேஸ். பார்த்த கண்ணுக்கே தெரிந்தது.

“எல்லைக் கடையில வாங்கினோம், கொமாத்ரே. நீங்க சொன்ன விலையில இருபதுல ஒரு பங்குதான். கோவிச்சுக்காதீங்க.”

ஃபாபியானாவின் மகள் லிஸ்ஸை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் எர்மெலிந்தா. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து மாதத்துக்கு முன் இதே ஃபாபியானாதான் வந்து, லிஸ்ஸின் கல்யாணத்துக்கு ஞாந்துத்தி என்கிற கைப்பின்னலில் முக்காடு வேண்டும் என்றாள். விலைக்குத் தலையாட்டிவிட்டும் போனாள். அன்று மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி இன்னும் சுவரோரம் நின்றது. துணிமேல் ஊசியால் நூல் நூலாகப் போட்ட சக்கரங்கள், கொய்யாப்பூக்கள், எறும்புப் புற்றுகள். கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தாயிற்று. பின்துணியை வெட்டி எடுப்பது மட்டும்தான் பாக்கி.

“சரி, வாங்கியாச்சு. இங்க எதுக்குக் கொண்டாந்த?”

“இது தொளதொளன்னு கிடக்கு. நீங்க ஒருதரம் கஞ்சி போட்டு நிமித்திக் குடுத்தா...” ஃபாபியானா குரலைத் தாழ்த்தினாள். “கோயில்ல யாராவது கேட்டா, ஞானத்தாய் போட்ட பின்னல்னு சொல்லிக்கலாம். உங்களுக்கும் பெருமைதானே?”

எர்மெலிந்தாவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

“என் கை வேலை வேணாம், என் பேரு மட்டும் வேணுமா? பேரை இனாமா தூக்கிக் குடுத்துடணுமா?”

“எதுக்குக் கத்துறீங்க? கல்யாண வீடு...”

“என் வீட்டுல நான் கத்துவேன். எடு பையை!”

ஃபாபியானா முணுமுணுத்துக்கொண்டே போனாள். கஞ்சி போடத் தெரியாதவளா அவள்? இந்தப் பின்னலுக்குப் பேர்போன இத்தாவுகுவாவில் பிறந்த பெண்ணுக்கு அது கைப்பழக்கம். மரவள்ளிக் கஞ்சி காய்ச்சினாள், முக்காட்டை முக்கிப் பிழிந்தாள், பருத்திக்கு வைக்கிற சூட்டிலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். அது பருத்தி இல்லை என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. லேஸ் சுருண்டு, உருகி, பெட்டியின் அடியில் பசையாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் கல்யாணம்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு ஓரம் மட்டும் மிஞ்சிய முக்காடு.

“கொமாத்ரே, பொண்ணு அழுதுகிட்டே இருக்கா. அந்தச் சட்டத்துல இருக்கறதைக் குடுங்க. ஞானத்தாய் சீரா இருந்துட்டுப் போகட்டும்.”

“சீரா?” எர்மெலிந்தா எழுந்தாள். “அஞ்சு மாசம் கண்ணு எரிய எரிய உக்காந்திருக்கேன். நடுவுல வந்த ரெண்டு மேசைவிரிப்பு வேலைய வேணாம்னு அனுப்பிட்டேன். அதை நான் சீரா குடுக்கணும். கடைக்காரனுக்கு மட்டும் நீ எண்ணிக் குடுப்பே. அவன்கிட்ட சீர் கேட்டியா?”

ஃபாபியானா மிஞ்சிய ஓரத்தைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

“அன்னைக்குச் சொன்ன விலை. ஒரு குவரானி குறையாது. லிஸ்ஸுக்குச் சீர் நான் கோழி கொண்டாருவேன், அது வேற. கோயில்ல கேட்டா, காசு குடுத்து வாங்கினேன்னு நீ சொல்லணும். எல்லாரும் கேக்கற மாதிரி.”

“...சரி.”

“சாயங்காலத்துக்குள்ள பணம் வரணும்.”

“கன்னுக்குட்டிய வித்தாவது கொண்டாறேன்.”

“உக்காரு அப்போ.” சட்டத்தை இழுத்து வெயிலில் போட்டு, சின்னக் கத்தரிக்கோலை அவள் கையில் திணித்தாள். “பின்துணிய நீயே வெட்டு. நூல்ல படாம.”

ஃபாபியானா குனிந்து வெட்டத் தொடங்கினாள். ஒரு பூவைச் சுற்றி வரவே கழுத்து வலித்தது. இரண்டாவது பூவில் கத்தரி வழுக்கியது. நூல் ஒன்று அறுந்து தொங்கியது.

“ஐயோ, கண்ணு எங்க இருக்கு உனக்கு!”

எர்மெலிந்தா சட்டத்தைப் பிடுங்கினாள். ஊசிக் காதில் மூன்றாவது தடவைதான் நூல் நுழைந்தது. அறுந்ததை எடுத்து முடிந்து, பல்லால் நூலைக் கடித்தாள். சட்டத்தை மறுபடி ஃபாபியானாவின் மடியில் தள்ளினாள்.

“இன்னும் முப்பது பூ இருக்கு. வெட்டு.”